பார்சலில் பாழாகும் பாம்பே சாண்ட்விச்

கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, பழைய வீடொன்றின் திண்ணையை எடுத்துவிட்டு முன்புறம் கண்ணாடி போட்டு நடத்தப்படும் ஒரு சிறிய உணவகத்தில் நான் இதுவரை நான்கு முறை சாண்ட்விச் வாங்கியிருக்கிறேன். ஒரு முறை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்; மூன்று முறை பார்சல் வாங்கி வந்தேன். உட்கார்ந்து சாப்பிட்ட அன்று மனம் நிறைந்து எழுந்தேன். பார்சலைப் பிரித்த முதல் இரண்டு முறையும் இதே கைகளா அதையும் செய்தன என்று வருத்தமாக இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் இருவர் கடன் வாங்கி நடத்தும் கடை அது. அது நிலைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் குறையை எழுதாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணவரின் வேலை காரணமாக ஆறு ஆண்டுகள் மும்பையில், மாட்டுங்காவில் குடியிருந்தோம். அங்கே தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் செய்து தரும் சாண்ட்விச்சை வாரத்துக்கு ஒரு முறையாவது சாப்பிட்டிருப்பேன். வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் எல்லாவற்றையும் வட்ட வட்டமாக அரிந்து அடுக்கி, மேலே சாட் மசாலா தூவி, கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் அரைத்த சட்னியோடு தருவார்கள். அதில் நான் கவனித்து வைத்திருந்தது ஒன்று உண்டு: எவ்வளவு கூட்டம் நின்றாலும் வண்டிக்காரர் இரண்டு ரொட்டித் துண்டுகளிலும் ஓரம்வரை வெண்ணெயைத் தடவிய பிறகுதான் சட்னியைத் தொடுவார். சொந்த ஊருக்குத் திரும்பிப் பதினோரு ஆண்டுகளாகியும் அந்தச் சுவையை இந்தப் பக்கம் எங்கும் நான் பார்க்கவில்லை. தஞ்சாவூரில் ஓரிரு இடங்களில் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஆகவே இந்தக் கடையின் பலகையில் ‘பாம்பே சாண்ட்விச்’ என்று பார்த்தவுடன் உள்ளே நுழைந்தேன், ஏமாறவில்லை. ரொட்டி மொறுமொறுவென்று இருந்தது. பீட்ரூட் குழைந்துவிடாமலும் வேகாமல் போகாமலும் சரியான பதத்தில் இருந்தது. சட்னியில் புதினா வாசனை தூக்கலாக இல்லாமல் கொத்தமல்லியே முன்னால் நின்றது. மயோனைஸைத் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் வைத்தார்கள். கல்லாவில் இருந்த தம்பியைக் கூப்பிட்டுப் பாராட்டிவிட்டே வந்தேன்.

அடுத்த வாரம் வீட்டில் எல்லோருக்கும் வாங்கிப் போகலாம் என்று மாலை ஆறரை மணிக்குப் போனேன். எங்கள் வீடு தாராசுரத்தில். கடையிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். பாம்பே சாண்ட்விச் இரண்டு, ஒன்று 140 ரூபாய். பார்சல் கட்டணம் ஒன்றுக்குப் பத்து ரூபாய். அதன் மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 315 ரூபாய். இந்த ஊரில் இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பாடு சாப்பிட்டுக் காபியும் குடித்துவிட்டு வரக்கூடிய தொகை அது. இருந்தாலும், நல்ல பொருளுக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

காத்திருந்த நேரத்தில் அவர்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரில்லிலிருந்து எடுத்த சூட்டோடு நான்காக வெட்டினார்கள். ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே பட்டர் பேப்பரில் இறுக்கமாகச் சுற்றினார்கள். உட்புறம் வழவழப்பான பூச்சுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, ரப்பர் பேண்டு போட்டு, பையில் இறக்கினார்கள். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அப்போதே எனக்குச் சிறிது உறுத்தியது. ஆனாலும் தொழில் தெரிந்தவர்களுக்கு நாம் சொல்வதா என்று பேசாமல் வந்துவிட்டேன். மழைத் தூறலில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்தபோது இருபத்தைந்து நிமிடங்கள் ஆகியிருந்தன.

பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுவதும் நீர் முத்துகள் கோத்து நின்றன. சாய்த்தவுடன் அவை ஒன்று சேர்ந்து மூலையில் வழிந்து ரொட்டியின் மேலேயே சொட்டின. பட்டர் பேப்பரைப் பிரித்தபோது ரொட்டியின் மேல்தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிரில் போட்ட பழுப்புக் கோடுகள் காகிதத்தில் இருந்தன. ரொட்டியில் வெளிறிய ஈரம் மட்டும் இருந்தது. ஒரு துண்டை எடுத்தேன். நுனி தொய்ந்து கீழே தொங்கியது, உள்ளிருந்த தக்காளி வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. பீட்ரூட்டின் சாயம் அடிப்பக்க ரொட்டி முழுவதும் பரவி, அந்தப் பக்கம் இளஞ்சிவப்புக் கூழாகிவிட்டிருந்தது. மயோனைஸை இந்த முறை உள்ளேயே தடவியிருந்தார்கள். அது சூட்டில் பிரிந்து, எண்ணெய் தனியாகவும் வெண்மை திரிந்த துணுக்குகளாகவும் ஓரங்களில் கசிந்து கிடந்தது. சட்னி இருந்ததற்கு அடையாளமாக ரொட்டிக்குள் பச்சைக் கறை மட்டுமே தெரிந்தது.

எழுபத்தாறு வயதான என் அம்மா ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “ஏம்மா, டீயில ஊறவச்ச ரொட்டி மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு ரூபா?” என்று கேட்டார். அன்று உட்கார்ந்து சாப்பிட்டபோது கூட இருந்த என் மகன், “அம்மா, இது அந்தக் கடைதானா? மாத்தி வாங்கிட்டு வந்துட்டியா?” என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரவு எட்டு மணிக்கு மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்து ரவா உப்புமா கிளறினேன்.

ரொட்டி நமத்துப் போனதற்கு ஆவியைக் காரணம் சொல்வது எளிது. அது பாதிக் காரணம்தான். சூடான பண்டத்தை மூடி வைத்தால் ஆவி மேலே போய்க் குளிர்ந்து நீராகித் திரும்ப இறங்கும் என்பது ஹாட்பேக்கில் தோசை வைத்த எல்லோருக்கும் தெரியும். இரண்டு நிமிடம் கம்பித்தட்டில் வைத்து ஆவி அடங்கவிட்டிருந்தாலோ, பெட்டியில் நான்கு துளைகள் இட்டிருந்தாலோ மேல்தோல் இவ்வளவு கெட்டிருக்காது. மற்றப் பாதிக் காரணம் உள்ளே இருக்கிறது. வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு உப்பை முன்னதாகப் போட்டுவிட்டால் அது நீர் விட்டுக்கொள்ளும். அதனால்தான் பரிமாறும் நேரத்தில் உப்புப் போடுகிறோம். சாட் மசாலாவில் உப்பும் கருப்பு உப்பும் உண்டு. அதை வெள்ளரிக்காய், தக்காளி வட்டங்களின் மேல் தூவி, சூடான இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, இருபத்தைந்து நிமிடம் மூடி வைத்தால் காய் தன்னிடமுள்ள நீரை விடத்தான் செய்யும். தட்டில் வைத்துத் தருவதை மூன்று நிமிடத்தில் சாப்பிட்டுவிடுகிறோம்; நீர் விட நேரமில்லை.

அந்த நீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பதற்குத்தான் வெண்ணெய். மாட்டுங்கா வண்டிக்காரர் ஓரம்வரை தடவியது ருசிக்காக மட்டுமல்ல; கொழுப்புப் படலம் இருந்தால் நீர் எளிதில் உள்ளே இறங்காது. இந்தக் கடைக்காரர்கள் வெண்ணெயை ரொட்டியின் வெளிப்பக்கம், கிரில்லில் சிவப்பதற்காக மட்டும் தடவுகிறார்கள். உட்பக்கம் வெறும் ரொட்டியில் நேராகச் சட்னியை இழுத்துவிடுகிறார்கள். தட்டில் தரும்போது இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பார்சல் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மயோனைஸ் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. இவர்கள் பயன்படுத்துவது முட்டை சேராதது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வகையில் கவலையில்லை. ஆனால் எந்த மயோனைஸும் எண்ணெயையும் நீரையும் அடித்துச் சேர்த்துப் பிடிக்கவைத்த கலவைதான். அதை உள்ளே தடவிக் கிரில்லில் வைத்து அழுத்தினால் பிரிந்துபோகும். கடையில் கிண்ணத்தில் தனியாகத் தருபவர்கள், ஒரு சிறிய குப்பியை மிச்சப்படுத்துவதற்காகப் பார்சலில் உள்ளே தடவிவிடுகிறார்கள். பார்சலுக்கென்று பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வருத்தம் எனக்கு ஏன் இவ்வளவு என்றால், இது கட்டுச்சோறு கட்டத் தெரிந்த ஊர். பகல் நேரத்தில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறோம் என்றால் என் பாட்டி முதல் நாளே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, சூடு முழுக்க ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலப்பார். தயிர்ச்சாதத்துக்குப் பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒரே ஒரு கரண்டி விடுவார். மாயவரம் தாண்டும்போது அது பால்சோறாக இருக்கும், இலையைப் பிரிக்கும் நேரத்துக்குச் சரியாகத் தயிர்ச்சாதமாகியிருக்கும். இட்லியை ஆறவைத்து, மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவுவார். அந்த எண்ணெய் இட்லியை உலரவும் விடாது, ஒன்றோடொன்று ஒட்டவும் விடாது. வாழையிலையைத் தணலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது என்பதும், இலையின் வழவழப்பான மேல்பக்கம் உணவைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதும் எங்கள் வீட்டில் சிறுபிள்ளைக்கும் தெரியும். உணவு எப்போது, எங்கே, எத்தனை மணி நேரம் கழித்துச் சாப்பிடப்படும் என்பதை முன்கூட்டி நினைத்து, அந்த நேரத்துக்கு ஏற்றபடி செய்முறையையே மாற்றிய கைகள் அவை.

இன்றைக்கும் அந்தக் கவனம் அற்றுப்போய்விடவில்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் மாலையில் நிற்கும் பிரெட் ஆம்லெட் வண்டிகளைப் பாருங்கள். கல்லில் முட்டையை ஊற்றி, அது இறுகும் முன்பே ரொட்டியை அதன்மேல் வைத்துப் புரட்டுகிறார்கள். முட்டை ரொட்டியோடு சேர்ந்து இறுகிவிடுவதால் பிறகு ஈரம் எளிதில் உள்ளே போவதில்லை. நாற்பது ரூபாய்க்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அரைமணி நேரம் கழித்துப் பிரித்தாலும் அது பிரெட் ஆம்லெட்டாகவே இருக்கிறது. வெங்காயத்தைத் தனியாக மடித்துக் கொடுங்கள் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். கண்ணாடிக் கதவும் வண்ணப் பலகையும் வைத்து மூன்றரை மடங்கு விலை வாங்கும் கடையிடம் அந்த அளவு கவனத்தையாவது எதிர்பார்ப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போன் செய்து, பட்டது எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்துப் பேசிய தம்பி குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகவே பேசினார். ஆனால் அவர் சொன்ன வார்த்தைதான் எனக்கு வலித்தது. “அக்கா, பார்சல்னா கொஞ்சம் அப்படித்தான்கா இருக்கும். நீங்க வந்து இங்க உக்காந்து சாப்பிடுங்கக்கா, சூப்பரா இருக்கும்.”

“தம்பி, வயசான அம்மாவ நான் எப்படிப்பா கூட்டிட்டு வர்றது? பார்சல் சரியா வராதுன்னா பார்சல் இல்லைன்னு போர்டுல எழுதிடுங்க. காசு வாங்குறீங்கல்ல?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அடுத்த தடவ வாங்கக்கா, சட்னி, மயோனைஸ் எல்லாம் தனியா வச்சுத் தர்றேன்” என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்: சட்னியும் மயோனைஸும் இரண்டு சிறு குப்பிகளில் தனியாக வந்தன; பெட்டியின் மூடியையும் சிறிது திறந்தே வைத்துக் கொடுத்தார். வீட்டில் பிரித்தபோது ரொட்டி முன்போல் கூழாகவில்லை. ஆனால் முதல் கடியிலேயே வேறு குறை தெரிந்தது. அன்று போட்டிருந்தது இனிப்பு பிரெட். நம் பேக்கரிகளில் சால்ட் பிரெட், ஸ்வீட் பிரெட் என்று இரண்டு வகை விற்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டீயில் நனைத்துச் சாப்பிட இனிப்பு பிரெட் நன்றாக இருக்கும், பச்சை மிளகாய்ச் சட்னிக்கும் கருப்பு உப்புக்கும் அது சேரவே சேராது. கேட்டதற்கு, “சாயங்காலம் சால்ட் பிரெட் தீர்ந்துடுச்சுக்கா” என்றார்கள். அதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். நான் வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு போயிருப்பேன். உருளைக்கிழங்கும் சரியாக வேகவில்லை, நடுவில் நறுக்கென்றது. சட்னியின் உப்பும் குறைவு. இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பார்சல் காரணமல்ல. கூட்ட நேரத்தில் அடுப்படியில் கவனம் சிதறுகிறது என்பதுதான் காரணம்.

மூன்றாம் முறை நானே ஒரு வழி சொன்னேன். கிரில் செய்ய வேண்டாம். சால்ட் பிரெட் இருந்தால் மட்டும் தாருங்கள். காய்களை உப்பு, மசாலா தூவாமல் அடுக்கி ஒரு பொட்டலமாகவும், ரொட்டியைத் தனியாகவும், சட்னியையும் மசாலாவையும் வேறாகவும் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். வீட்டில் தோசைக்கல்லைக் காயவைத்து, இரண்டு ரொட்டியிலும் ஓரம்வரை வெண்ணெய் தடவி, சட்னி தடவி, காயை அடுக்கி, மசாலா தூவி, மேலே ஒரு கனமான கிண்ணத்தை வைத்து அழுத்தி இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தேன். மாட்டுங்கா தெருமுனையில் சாப்பிட்டதற்கு மிக அருகில் வந்தது. அம்மா முழுதாகச் சாப்பிட்டு, “இதுதான் நீ சொன்னதா?” என்று கேட்டார். மகிழ்ச்சிதான். ஆனால் அன்றைக்கும் அவர்கள் ஒரு சாண்ட்விச்சுக்கு 140 ரூபாயும் பார்சலுக்குப் பத்து ரூபாயும் குறையாமல் வாங்கிக்கொண்டார்கள். அடுப்படி வேலை முழுவதும் என்னுடையதாக இருந்தது. அரிந்த காயும் அரைத்த சட்னியும்தான் நான் வாங்கி வந்தவை. அதே காயைச் சந்தையில் வாங்கி நானே அரிந்திருந்தால் ஐம்பது ரூபாய்கூட ஆகியிருக்காது.

கடையின் சுத்தத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. கையுறை போட்டுத்தான் காய் அரிகிறார்கள். மேசையை ஒவ்வொருவர் எழுந்த பிறகும் துடைக்கிறார்கள். செய்தித்தாளில் எதையும் மடிப்பதில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருந்தும் பல கடைகளில் இன்னும் பிளாஸ்டிக் தாளில்தான் சூடான உணவு கட்டப்படுகிறது. இங்கே அது இல்லை. காபி சுமார், டிகிரி காபிக்குப் பேர் போன ஊரில் இயந்திரக் காபியை வைத்திருப்பது ஏன் என்று புரியவில்லை. சீஸ் சாண்ட்விச்சை நான் சாப்பிட்டதில்லை. பக்கத்து மேசையில் சாப்பிட்ட கல்லூரி மாணவிகள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியதைப் பார்த்தேன்.

கும்பகோணத்துக்கு வருபவர்கள் அந்தக் கடையை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். போனால், மாலைக் கூட்டத்துக்கு முன்பாக நான்கு மணி அளவில் போங்கள். சால்ட் பிரெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அங்கேயே உட்கார்ந்து சூட்டோடு சாப்பிட்டு எழுந்துவிடுங்கள். மனசு நிறையும். பார்சலாக, அதிலும் பத்து நிமிடத்துக்கு மேல் தூரம் இருப்பவர்கள், இப்போதைக்கு வாங்க வேண்டாம். ரொட்டியின் உட்பக்கம் வெண்ணெய், மசாலாவுக்கு ஒரு சிறு மடிப்பு, மூடியில் நான்கு துளை என்று அந்தத் தம்பியிடம் மூன்றாம் முறை நேரிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு நாள் மறுபடியும் இரண்டு சாண்ட்விச் வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்துப் பார்ப்பேன்.